கார் 54: வேறு ஊராக நடித்த நகரமும் தோற்றுப்போன நகைச்சுவைப் படமும்

பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தூசு தட்டித் திரைப்படங்களாக்குவது ஹாலிவுட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். குணத்தால் முற்றிலும் மாறுபட்ட இரண்டு காவலர்களை ஒரே காரில் உட்காரவைத்துச் சிரிப்பூட்டும் படங்கள் அவற்றுள் ஒரு தனிக்கிளை. அந்தக் கிளையில் வந்த 'கார் 54, வேர் ஆர் யூ?' என்ற படம் 1994 ஜனவரி இறுதியில் அமெரிக்காவில் வெளியானது. ஒரு கோடி டாலருக்கும் அதிகமான செலவில் எடுக்கப்பட்ட அப்படம் திரையரங்குகளில் ஈட்டியது சுமார் 12 லட்சம் டாலர்கள் மட்டுமே.

கதை நடப்பது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். படமாக்கப்பட்டதோ கனடாவின் டொரொண்டோவில்.

தோல்வியடைந்த படங்கள் ஹாலிவுட்டில் ஏராளம். ஆயினும் டொரொண்டோவிலும் அதன் கிழக்கே ஏஜாக்ஸ், விட்பி, ஒஷாவா வரை நீளும் நகரங்களிலும் வாழும் பல்லாயிரம் தமிழர்களுக்கு இந்தப் படத்தின் வரலாறு சற்று நெருக்கமானது. அவர்கள் வாழும் ஊர் பல ஆண்டுகளாகத் திரையில் வேறு ஊராகவே தோன்றிவருகிறது.

பிராங்க்ஸ் தெருக்களில் பிறந்த தொடர்

மூலத் தொடரான 'கார் 54' அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1961 செப்டம்பர் முதல் 1963 வரை, 60 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. அதனை உருவாக்கியவர் நாட் ஹைக்கன். இராணுவ முகாம் ஒன்றைக் களமாகக்கொண்ட 'தி ஃபில் சில்வர்ஸ் ஷோ' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரையும் இவரே உருவாக்கியிருந்தார். 'கார் 54' தொடரை இயக்கியதற்காக 1962-ல் அவருக்கு எம்மி விருது கிடைத்தது.

குள்ளமான, ஓயாமல் பேசும் காவலர் கந்தர் டூடியாக ஜோ ஈ. ராஸும், நெடிதுயர்ந்த, அளந்து பேசும் காவலர் ஃபிரான்சிஸ் மல்டூனாக ஃபிரெட் குவினும் நடித்தனர். கவுண்டமணி - செந்தில் இணையைப் பார்த்துச் சிரித்துப் பழகிய தமிழர்களுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை. உருவத்திலும் பேச்சிலும் எதிரெதிரான இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே பாதி நகைச்சுவை பிறந்துவிடுகிறது.

காவலர்களைப் பற்றிய தொடர் என்றாலும் அதில் குற்றங்களுக்குப் பெரிய இடமில்லை. காவல் நிலையத்திற்குள் எழும் சிறு பிணக்குகள், அண்டை வீட்டார் பிரச்சினைகள், உதவப்போய் உபத்திரவத்தில் முடியும் முயற்சிகள் ஆகியவையே அதன் கதைகள். தொடக்கப் பாடல்கூட நகரத்தின் பகுதிகளைப் பெயர் சொல்லி அடுக்கிச் செல்லும் பாடல்தான்.

தொடர் பிராங்க்ஸிலேயே, உண்மையான தெருக்களில் படமாக்கப்பட்டது. படப்பிடிப்புக் காரை மக்கள் உண்மையான காவல்துறைக் கார் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அதற்குச் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் அந்தச் சிவப்பு, நியூயார்க் காவல்துறைக் கார்களின் கரும்பச்சையைப் போலவே தெரிந்தது. தெருவில் போலியாகவும் திரையில் அசலாகவும் இருந்த வண்டி அது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் சிவில் உரிமைகள் சட்டம் நிறைவேறிய 1964-க்கு முன்பே, நிப்ஸி ரஸ்ஸல், ஃபிரடெரிக் ஓநீல் ஆகிய கறுப்பின நடிகர்கள் இத்தொடரில் சக காவலர்களாகத் தோன்றினர். பிராங்க்ஸில் யார் யார் வாழ்ந்தார்களோ அவர்களைத் தொடரிலும் காண முடிந்தது என்பதே அதன் பலம்.

டொரொண்டோவில் ஒரு பிராங்க்ஸ்

தொடர் முடிந்து ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்குப் பின், 1990-ல், ஓரியன் பிக்சர்ஸ் நிறுவனத்திற்காக அது திரைப்படமாக எடுக்கப்பட்டது. இயக்கியவர் பில் ஃபிஷ்மன். 'நியூயார்க் டால்ஸ்' இசைக்குழுவின் பாடகரான டேவிட் ஜொஹான்சன் டூடியாகவும், ஜான் சி. மெக்கின்லி மல்டூனாகவும் நடித்தனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரோஸி ஓடானலும் ஃபிரான் டிரெஷரும் துணைப் பாத்திரங்களில் தோன்றினர். பழைய தொடரில் நடித்த நிப்ஸி ரஸ்ஸலும் அல் லூயிஸும் மீண்டும் அழைக்கப்பட்டனர். தொடரில் சாதாரணக் காவலராக இருந்த ரஸ்ஸலின் ஆண்டர்சன் பாத்திரம் படத்தில் நிலையத் தலைமை அதிகாரியாக உயர்ந்திருந்தது.

தாதா ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டிய ஒருவரை இரு காவலர்களும் பாதுகாக்க வேண்டும் என்பதே படத்தின் கதை. குற்றமே இல்லாமல் சிரிக்கவைத்த தொடரை, குற்றக் கும்பலும் துரத்தலும் நிறைந்த படமாக மாற்றியது முதல் விலகல்.

பாடல்களும் நடனங்களும் நிறைந்த படமாக எடுக்கப்பட்ட அதிலிருந்து, வெளியீட்டிற்கு முன் அவற்றில் பெரும்பாலானவை வெட்டி எறியப்பட்டன. இது இரண்டாவது விலகல்.

இதற்கிடையே 1991 டிசம்பரில் ஓரியன் நிறுவனம் கடனில் மூழ்கி, திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. எடுத்து முடிக்கப்பட்ட பல படங்கள் பெட்டிக்குள் முடங்கின. 'கார் 54' மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அதன் வெளியீட்டிற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1993 ஜூலையில், மூலத் தொடரின் மல்டூனான ஃபிரெட் குவின் காலமானார். படம் வந்தபோது விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். இந்தப் படம் உள்ளிட்ட மூன்று படங்களுக்காக, அவ்வாண்டின் மோசமான துணை நடிகைக்கான 'ரேஸி' கேலி விருது ரோஸி ஓடானலுக்கு அளிக்கப்பட்டது.

தாமதம் மட்டுமே ஒரு படத்தைக் கொன்றுவிடுவதில்லை. ஓரியனின் அதே நெருக்கடியில் சிக்கி, அதே 1990-ல் எடுக்கப்பட்டு 1994-ல் வெளியான 'புளூ ஸ்கை' படத்திற்காக ஜெசிகா லாங் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை வென்றார்.

ஏன் சில வென்றன, சில தோற்றன?

இந்த வகைப் படங்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு போக்குப் புலப்படும். 1950களில் மிகுந்த இறுக்கத்துடன் எடுக்கப்பட்ட 'டிராக்நெட்' தொடரின் பாணியை 1987 படத்தில் ஒரு பாத்திரம் மட்டும் அப்படியே பின்பற்றும். டான் அய்க்ராய்ட் நடித்த அந்தப் பாத்திரத்தை, டாம் ஹாங்ஸ் நடித்த நவீனக் காவலர் விழித்துப் பார்ப்பார். பழைய தொடருக்கும் புதிய காலத்திற்கும் இடையிலான தூரமே அங்கு நகைச்சுவையானது. 1975 முதல் 1979 வரை ஒளிபரப்பான 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' 2004-ல் படமானபோதும், எழுபதுகளின் உடையும் பேச்சும் வெள்ளைக் கோடிட்ட சிவப்புக் காருமே கேலிக்கான களமாயின.

1987-ல் தொடங்கிய '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' தொடரில், இளம் காவலர்கள் மாணவர் வேடத்தில் பள்ளிகளுக்குள் செல்வார்கள். ஜானி டெப்பை நட்சத்திரமாக்கிய அத்தொடரும் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டதே. 2012-ல் ஜோனா ஹில், சானிங் டேட்டம் நடிப்பில் அது படமானபோது, எண்பதுகளின் பழைய சரக்கையே மறுசுழற்சி செய்கிறோம் என்று காவல் அதிகாரி ஒருவரே சலித்துக்கொள்வார். தன்னையே கேலி செய்த அந்தப் படம் உலகெங்கும் 20 கோடி டாலர் அளவுக்கு ஈட்டியது. மாறாக, 1977-ல் தொடங்கிய தொடரை அடிப்படையாகக்கொண்டு 2017-ல் வந்த 'சிப்ஸ்', போட்ட முதலையே திரையரங்குகளில் திரும்பப்பெறத் திணறியது.

ஆக, வென்ற படங்களுக்குப் பழைய தொடரைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. 'கார் 54' படம் பாத்திரங்களின் பெயர்களையும் காரின் எண்ணையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர்களுக்கு உயிர் கொடுத்த தெருவை விட்டுவிட்டது. தெருவின் இடத்தில் வேறெதையும் அது வைக்கவும் இல்லை.

இதற்காக டொரொண்டோ மீது பழிபோட முடியாது. 1984-ல் வெளியாகி அமெரிக்காவிலும் கனடாவிலும் 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய 'போலீஸ் அகாடமி' டொரொண்டோவில் எடுக்கப்பட்ட காவல்துறை நகைச்சுவைதான். 2003-ல் சிறந்த படத்திற்கான ஆஸ்கரை வென்ற 'சிகாகோ' படத்தின் சிகாகோ நகரும் டொரொண்டோவில் உருவானதே. எந்த ஊராக இருந்தாலும் பொருந்தக்கூடிய கதைக்கும், முழுக்க அரங்கமைப்பிலேயே நிகழும் கதைக்கும் இடமாற்றம் பெரிய இழப்பல்ல. ஒரு குறிப்பிட்ட பேட்டையின் மூச்சுக் காற்றில் வளர்ந்த கதைக்குத்தான் அது இழப்பாகிறது.

வேறு ஊராக நடிக்கும் தொழில்

அமெரிக்கப் படங்கள் கனடாவுக்கு வருவதற்கான காரணங்கள் எளிமையானவை: மலிவான கனடிய டாலர், தேர்ந்த தொழில்நுட்பக் கலைஞர்கள், அமெரிக்க நகரங்களை ஒத்த தெருக்கள். 1997-ல் கனடிய மத்திய அரசு வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கு ஊதியச் செலவின் அடிப்படையில் வரிச்சலுகை அறிவித்தது. ஒன்ராறியோ மாகாணமும் தனது சலுகையைச் சேர்த்தது. 2002 தொடக்கத்தில் கனடிய டாலரின் மதிப்பு 62 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே இறங்கியபோது படப்பிடிப்புகள் மேலும் பெருகின.

டொரொண்டோ நியூயார்க்காக மாறுவதற்கு ஒப்பனை தேவை. சிவப்பு அஞ்சல் பெட்டியின் இடத்தில் நீலப் பெட்டி வரும். டாக்சிகள் மஞ்சளாகும். டிராம் வண்டிகளும் மேப்பிள் இலைக் கொடியும் சட்டகத்திற்கு வெளியே தள்ளப்படும். நியூயார்க் தெருவைப் போலிருக்கட்டும் என்று படக்குழு குப்பையைப் பரப்பிவைத்துவிட்டு உணவருந்தச் சென்றதாகவும், திரும்புவதற்குள் நகரத் துப்புரவுப் பணியாளர்கள் தெருவைத் துடைத்துவைத்துவிட்டதாகவும் ஒரு வேடிக்கைக் கதை டொரொண்டோவில் வழங்கிவருகிறது. உண்மையோ புனைவோ, ஊரார் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதை அது.

டொரொண்டோவுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள ஒஷாவாவுக்கும் இத்தொழிலில் பங்குண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் முதல் தலைவரான சாமுவேல் மெக்லாக்லின் 1917 வாக்கில் கட்டி முடித்த 'பார்க்வுட்' மாளிகை, 1989-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 'பில்லி மாடிசன்' படத்தில் அது ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரரின் வீடு. 2000-ல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் பேராசிரியர் சேவியரின் பள்ளி. 2017-ல் வெளியான 'இட்' படத்தின் பாழடைந்த பேய்வீடும் ஒஷாவாவின் தெருமுனை ஒன்றில் அமைக்கப்பட்டதுதான். கதைப்படி அது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருந்தது.

ஒஷாவாவுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1907-ல் தொடங்கிய மெக்லாக்லின் கார் நிறுவனம் அமெரிக்காவின் பியூக் எஞ்சின்களைக்கொண்டே வண்டிகளைச் செய்தது. 1918-ல் அது ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஷாவாவில் தயாரான செவ்ரோலே இம்பாலா கார்கள் அமெரிக்கக் காவல்துறைகளின் சுற்றுக்காவல் வண்டிகளாகவும் ஓடின. திரையில் அமெரிக்கக் காவலர்களுக்கு டொரொண்டோ தெருக்களைக் கொடுத்தது. அசல் வாழ்க்கையில் அவர்களுக்கு ஒஷாவா கார்களைக் கொடுத்தது. இரண்டிலும் உழைப்பு இங்கே, பெயர்ப்பலகை அங்கே.

சொந்தக் குரலில் சிரித்தவர்கள்

சொந்த ஊரை ஒளிக்காமலும் இவ்வகை நகைச்சுவை செய்ய முடியும் என்பதைக் கனடாவே காட்டியிருக்கிறது. 2006-ல் வந்த 'பான் காப், பேட் காப்' படத்தில், ஒன்ராறியோ - கியூபெக் எல்லைப் பலகையின் மீது ஒரு சடலம் கிடக்கிறது. பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். ஆங்கிலம் பேசும் டொரொண்டோ காவலரும் பிரெஞ்சு பேசும் மொன்றியல் காவலரும் சேர்ந்து துப்புத்துலக்க வேண்டும். ஒருவரின் மொழியை மற்றவர் திருத்துவதும் கேலி செய்வதுமே நகைச்சுவை. எந்தத் தொடரையும் தழுவாத அப்படம் கனடாவிற்குள் ஒரு கோடியே 20 லட்சம் கனடிய டாலர் அளவுக்கு ஈட்டியது. அதில் பெரும்பகுதி கியூபெக்கில் கிடைத்தது.

ஈழத்தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் ஒன்றுண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒலிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர், 1976-ல் 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமானது. வானொலியில் குரல் கொடுத்த எஸ். ராமதாஸ், ரி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோரே திரையிலும் தோன்றினர். மரிக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ், ஐயரின் பிராமணத் தமிழ் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதே அதன் நகைச்சுவை. நடிகர்களின் பெயர்களோடு பாத்திரங்களின் பெயர்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் என்றே மக்கள் அவர்களை அழைத்தனர்.

வசதிகள் குறைந்த சூழலில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தை, ஹாலிவுட் தயாரிப்பு ஒன்றுடன் பொருட்செலவில் ஒப்பிட முடியாது. ஆனால் 'கார் 54' தவறவிட்டதை அது தவறவிடவில்லை. ஒலிபரப்பில் மக்கள் எதற்காகச் சிரித்தார்களோ அதனை, அந்தப் பேச்சு வழக்குகளை, அது திரைக்கும் கொண்டுசென்றது.

பணயத்தில் இருப்பது என்ன?

1990-ல் டொரொண்டோவில் 'கார் 54' படமாக்கப்பட்ட காலத்தில், 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் அந்நகரின் அடுக்குமாடிகளில் குடியேறிக்கொண்டிருந்தனர். பிராங்க்ஸாகக் காட்டப்பட்ட நகரில், ஹாலிவுட் கேமராவின் கண்ணில் படாத புதிய பேட்டைகள் உருவாகிக்கொண்டிருந்தன. அந்தப் பேட்டைகள் திரைக்கு வர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. தமிழ் இளைஞர் குழுக்களின் வன்முறையைப் பேசிய லெனின் எம். சிவத்தின் '1999' படம் 2009-லும், அவரது 'எ கன் அண்ட் எ ரிங்' 2013-லும் வெளிவந்தன. இரண்டாவது படம் ஷாங்காய் சர்வதேசத் திரைப்பட விழாவில் போட்டியிட்டது. டொரொண்டோவிலேயே நிகழும் கொரியக் குடும்பக் கதையான 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' தொடர் 2016 முதல் 2021 வரை ஒளிபரப்பாகி, உலகெங்கும் பார்க்கப்பட்டது. மிசிசாகாவைச் சேர்ந்த தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2020-ல் உலகப்புகழ் பெற்ற 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரிலோ, அவர் லாஸ் ஏஞ்சலிஸ் பெண்ணாகவே தோன்றினார்.

வேடமிடும் தொழிலைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. 2022-ல் ஒன்ராறியோவில் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்புகளுக்காகச் செலவிடப்பட்ட தொகை 300 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. தச்சர், மின்பணியாளர், ஓட்டுநர், சமையலாளர் எனப் பல குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. இயக்குநராக விரும்பும் தமிழ் இளைஞர் தொழில் கற்பதும் பெரும்பாலும் அந்தப் படப்பிடிப்புத் தளங்களில்தான்.

ஆனால் பெயர்ப்பலகை வேறிடத்தில் இருக்கும் தொழிலில், முடிவுகளும் வேறிடத்திலேயே எடுக்கப்படுகின்றன. 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது டொரொண்டோவின் தளங்கள் வெறிச்சோடின. 2025 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், வெளிநாடுகளில் எடுக்கப்படும் படங்களுக்கு 100 சதவீத வரி விதிக்கப்போவதாக அறிவித்தார். செப்டம்பரில் அதனை மீண்டும் வலியுறுத்தினார். பெட்டியில் அடைத்துத் துறைமுகம் வழியாக வராத ஒரு பொருளுக்கு எங்கே, எதன்மீது வரி விதிப்பது என்ற கேள்விக்கு அப்போது தெளிவான விடை தரப்படவில்லை. ஆயினும் அறிவிப்பே அச்சத்தைத் தோற்றுவிக்கப் போதுமானதாக இருந்தது.

இத்தகைய அச்சத்தை ஒஷாவா முன்பே அனுபவித்திருக்கிறது. அங்குள்ள ஆலையை மூடும் முடிவை 2018 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2019 டிசம்பரில் வாகன உற்பத்தி நின்றது. 2021 நவம்பரில் சரக்கு வாகனங்களின் உற்பத்தி தொடங்கிய பிறகே ஊர் மூச்சுவிட்டது. 2025 ஏப்ரலில், இறக்குமதிக் கார்கள் மீதான அமெரிக்காவின் 25 சதவீத வரி மீண்டும் கவலையைக் கொண்டுவந்தது.

வெளியிலிருந்து வரும் வேலை வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலையில் கற்ற திறமையைக்கொண்டு சொந்தக் கதைகளைச் சொல்லத் தொடங்கும் ஊருக்கு, வெளியார் போன பின்பும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. 'கோமாளிகள்' படத்தின் பாத்திரப் பெயர்கள் நடிகர்களை விட்டு அகலவே இல்லை. டொரொண்டோவில் வளர்க்கப்பட்ட பிராங்க்ஸோ, அந்நகரிலும் எஞ்சவில்லை, பிராங்க்ஸிலும் எஞ்சவில்லை. இரண்டு காவலர்கள் ஒரு காரில் ஏறி ஸ்காபரோவிலிருந்து ஒஷாவா வரை சிரித்துக்கொண்டே செல்லும் கதையைத் தமிழில் சொல்லப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான்.